நடுமுள் வீட்டுத் தராசு

கடைத்தெருவில் அவருக்கு நடுமுள் என்று பெயர். பழைய இரட்டைத் தட்டுத் தராசில் இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் நடுவில் ஒரு முள் அசையாமல் நிமிர்ந்து நிற்குமே, அந்த முள். யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆளும் ஒல்லி, நிற்பதும் விறைப்பு, பேச்சிலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்கிற வேலை கிடையாது. தொழில் தராசு பழுது பார்ப்பது. மளிகைக் கடை, இரும்புக் கடை, பழைய பேப்பர்க் கடை, யாருடைய தராசாக இருந்தாலும் ஒருநாள் அவர் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஒருமுறை புதிதாகக் கடை போட்ட ஒருவர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, கிலோவுக்கு ஒரு துளி, நம்ம பக்கம் சாதகமா இருந்தா நல்லாருக்கும். எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் செய்ய மாட்டேன்," என்றார் நடுமுள். "தராசைத் தூக்குங்க. இல்லன்னா நானே தெருவுல வெச்சுடுவேன்."

"கோவிச்சுக்காதீங்கண்ணே, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற கேள்வியா இது? பெத்த புள்ளையே வந்து கேட்டாலும் நான் முள்ளை நகர்த்த மாட்டேன்."

தெருவே கேட்கும்படி சொன்னார். மனிதனுக்குப் பெருமை வந்துவிட்டால் நாக்கு சும்மா இருப்பதில்லை. அவருக்குப் பெருமை வர நியாயமும் இருந்தது. அவர் கை பட்ட தராசின் மேல் இன்னொரு தடவை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான நடை. அந்த நடையில் சுவரோரமாக ஒரு மேடைத் தராசு கிடந்தது. மூட்டை நிறுத்துகிற ரகம், மேலே ஒரு சின்னத் திரை. பழுது பார்க்கக் கொடுத்த சொந்தக்காரர் கடையை மூடிவிட்டுப் போனபோது இதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வரவேயில்லை. ஒரே மகள் தவழ்ந்ததும் அந்த நடையில்தான், உட்கார்ந்து பாடம் படித்ததும் அந்தத் தராசின் மேல்தான். குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டித் துடைத்தவுடன் தூக்கிவந்து அதில் வைப்பார். எண் ஏறியிருந்தால் கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொல்லுவார். "பாருங்க, போன மாசத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கா!" வந்தவர்களும் கன்னத்தைக் கிள்ளி, "கொழுகொழுன்னு இருக்கா, கண்ணு படப்போகுது," என்பார்கள். அந்த வீட்டில் எடை ஏறினால் சிரிப்பும் ஏறியது. எந்த வயதில் அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மகளுக்குப் பதினான்கு வயது ஆனபோது பள்ளிக்கூடத்தில் அவளை "டன்னு" என்று கூப்பிட்டார்கள். தராசுக் கடைக்காரர் மகள் அல்லவா, பட்டப்பெயரும் எடைக்கணக்கிலேயே வந்தது. வீட்டில் அவள் அதைச் சொன்னதில்லை. பள்ளி விட்டு வந்தால் குளிர்பானப் புட்டியைத் திறந்துகொண்டு மேடைத் தராசின் மேல் உட்கார்ந்துவிடுவாள். தாகம் அடங்கியதோ இல்லையோ, வாய் பேசாது.

அம்மாவுக்கு வேறொரு கவலை. மகளின் பின்கழுத்தில் கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. மடிப்பு மடிப்பாக, துணிபோலத் தடித்த கறுப்பு. அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் குளியலறையில் சொரசொரப்பான நாரை வைத்துக்கொண்டு தேய்ப்பாள்.

"வலிக்குதும்மா! விடும்மா!"

"ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சா நான் ஏன்டி தேய்க்கப்போறேன்? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க, தண்ணியே காட்ட மாட்டாங்களான்னு என்னைத்தானே சொல்லுவாங்க!"

தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். கறுப்பு போகவில்லை.

பள்ளியில் உடல் பரிசோதனை நடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி சொல்லி அனுப்பினார்கள். போனார்கள். குழந்தைகள் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரப்படாமல் பேசுகிறவர். மகளின் கழுத்தை ஒரு பார்வை பார்த்தார், இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், வயிற்றை ஸ்கேன் செய்யச் சொன்னார். முடிவு வந்த பிறகு மூவரையும் உட்காரவைத்தார்.

"கழுத்துல இருக்கறது அழுக்கு இல்லம்மா. தேய்க்காதீங்க, பாவம், புண்ணாயிருக்கு. உடம்புல இன்சுலின் அதிகமா சுரந்தும் சரியா வேலை செய்யலன்னா தோல்ல இப்படித்தான் தெரியும். சர்க்கரை இன்னும் நோய்ங்கற அளவுக்குப் போகல. ஆனா வாசல்ல நிக்குது. கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இந்த வயசுல வந்தா பெரியவங்களுக்கு வர்றதைவிட வேகமா போகும்."

அம்மாவின் கை மகளின் கழுத்துக்குப் போய், தொடாமல் திரும்பிவந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நோயைத்தான் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

நடுமுள் அழவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்?"

"நான் கிலோவைப் பத்திப் பேசவே இல்லையே," என்றார் டாக்டர். "குளிர்பானத்தை நிறுத்துங்க. குடும்பத்தோட நடங்க. நேரத்துக்குத் தூங்கட்டும், சாப்பாட்டை விடக் கூடாது. உள்ள நடக்கறதை நான் ரத்தத்துல பாத்துக்கறேன். மூணு மாசம் கழிச்சு கண்டிப்பா வாங்க. எடையையும் இங்கேயே பாக்கலாம். வீட்ல தராசு மட்டும் வேண்டாம். தினம் ஏறி நின்னா புள்ளைங்க மனசு உடைஞ்சுடும்."

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் தராசு வேண்டாமாம். மீன் வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்பதைப் போல.

டாக்டர் சொன்னதில் நடுமுள்ளின் காதில் பாதிதான் ஏறியது. இன்சுலின், கல்லீரல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். எடை தெரியும். வாழ்நாள் முழுக்க அவர் நம்பியது திரையில் வரும் எண்ணைத்தான். மகளும் அவர் மகள்தானே. மறுநாளே காலையில் நடையில் இருந்த மேடைத் தராசில் ஏறி நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். குளிர்பானத்தை விட்டாள், அப்பாவோடு ஆற்றோரப் பாதையில் நடந்தாள், கால் வலித்தாலும் சொல்லவில்லை. எண் மட்டும் அசையவில்லை. ஒருநாள் கொஞ்சம் ஏறியும் காட்டியது.

"தராசு சரியா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"என் தராசா? சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதைக் குறைத்தாள். காலையில் பசியில்லை, மாலையில் சிநேகிதி வீட்டில் சாப்பிட்டாயிற்று என்று ஏதாவது சாக்கு. ஒருநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. மாடிப்படியில் மயங்கி விழுந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு டப்பா பல நாளாகத் திறக்காமலேயே திரும்பி, வரும் வழியில் குப்பையில் காலியாகிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்த பிறகு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சாப்பிடாதேன்னு யாருடி சொன்னா? டாக்டர் சாப்பிடத்தானே சொன்னாங்க!"

மகள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "சாப்பிட்டா குறைய மாட்டேங்குதும்மா. சாப்பிடலன்னாலும் குறைய மாட்டேங்குது. நான் என்னதான் பண்ணட்டும்?"

நடையில் நின்று நடுமுள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தராசைத் தூக்கித் தெருவில் எறிந்திருக்கலாம். டாக்டரிடம் ஓடியிருக்கலாம். ஆனால் கையில் இருப்பதுதானே முதலில் ஞாபகத்துக்கு வரும்? மகள் தூங்கிய பிற்பகலில் அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். யாரும் உள்ளே கை வைக்காதபடி மேடைத் தராசில் போட்டிருந்த முத்திரைக் கம்பியை வெட்டினார். சோதனைக்கு வைத்திருந்த இருபது கிலோ கல்லைத் தூக்கி மேடையில் வைத்தார். பொத்தானை அழுத்தி, அந்தக் கல் இருபதுக்கும் கொஞ்சம் குறைவு என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தார். தராசுக்கு என்ன தெரியும்? சொன்னதை நம்பிக்கொண்டது. முத்திரையைத் திரும்பப் போடும்போது அவருடைய கை கூசியது. பெற்ற பிள்ளை வந்து கேட்கக்கூட இல்லை, இவராகவே முள்ளை நகர்த்திவிட்டார்.

மறுநாள் காலையில் நடையிலிருந்து ஒரு சத்தம். "அப்பா! ஒரு கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்குப்பா!"

"நான்தான் சொன்னேனே," என்றார் நடுமுள், கடையிலிருந்து, திரும்பிப் பார்க்காமல். "சாப்பிட்டாத்தான் குறையும். பட்டினி கிடந்தா உடம்பு பயந்து பிடிச்சு வெச்சுக்கும்." எங்கோ காதில் விழுந்ததைச் சேர்த்து வைத்துச் சொன்னார். பொய் சொல்ல ஆரம்பித்தவனுக்குக் கூடவே விளக்கமும் வந்துவிடும்.

அன்று அவள் மதியச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டாள். அவருக்கு அது போதும் என்றிருந்தது. அடுத்த வாரம் இன்னும் ஒரு துளி நகர்த்தினார். அதற்கடுத்த வாரமும். மகள் பாட்டு முணுமுணுத்தாள். நடக்கப் போகலாம் என்று அவளே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாடு, நடை, தூக்கம், டாக்டர் சொன்ன எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒரு பொய்யால் இத்தனை நல்லது நடக்குமென்றால் அது பொய்யா என்றுகூட அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. நியாயம் தேடுகிறவனுக்கு நியாயம் கிடைக்காமலா போகும்?

ஆஸ்பத்திரி நாள் நெருங்கியபோதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. அங்கே ஒரு தராசு இருக்கிறது. அதை அவர் தொட முடியாது. மகள் அதில் ஏறினால் மூன்று மாதச் சந்தோஷமும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

"இந்த வாரம் கடையில வேலை ஜாஸ்தி. அடுத்த மாசம் போகலாம்," என்றார் மனைவியிடம்.

"கண்டிப்பா வரச் சொன்னாங்களே, என்னங்க?"

"நல்லாத்தானே இருக்கா? குறைஞ்சுக்கிட்டுத்தானே வருது? நல்லா இருக்கறவளை எதுக்கு ஊசி குத்தணும்?"

அடுத்த மாதமும் ஏதோ ஒரு சாக்கு வந்தது.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. அவர் எதையும் நகர்த்தாத ஒரு வாரத்தில் தராசின் எண் தானாக இறங்கியிருந்தது. மகள் பள்ளிக்குப் போன பிறகு அவர் கல்லை வைத்துப் பார்த்தார். அவர் சொல்லிவைத்த பொய் அப்படியே இருந்தது, அதற்குமேல் ஒரு துளியும் இல்லை. அப்படியானால் இறங்கியது உண்மையான எடை! மறுவாரம் இன்னும் இறங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சொன்ன பொய்யைக் கடவுளே மெய்யாக்கிக் கொடுக்கிறார் என்று நினைத்தார். அவசர அவசரமாகத் தராசை ஒவ்வொரு வாரமும் உண்மையின் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். மகளின் எடை இறங்க இறங்க, இவருடைய பொய்யும் இறங்கியது. மூன்று வாரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. தராசு மறுபடி சரியான தராசாகிவிட்டது. புது முத்திரை போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று கடைக்கு வந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

மகளுக்குச் சீருடை தொளதொளவென்று ஆனது. பள்ளியில் பட்டப்பெயர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஆனால் நடக்கப் போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவள், இப்போது பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாடம் படிக்கும்போதே தூங்கி விழுந்தாள். எந்நேரமும் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது.

"என்னங்க, இவ குடம் குடமா தண்ணி குடிக்கிறா," என்றாள் மனைவி. "அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போறா."

"குளிர்பானத்தை விட்டுத் தண்ணிதானே குடிக்கிறா? அதுக்கும் குறை சொல்லுவியா?"

"முகம் வாடிப்போச்சுங்க."

"கொழுப்பு கரைஞ்சா முகம் ஒட்டத்தான் செய்யும்."

எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எடை இறங்குகிறது, தராசு உண்மை சொல்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும்? இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக அவரே அவசரப்பட்டார். அங்குள்ள தராசு இனி அவருக்கு எதிரி இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நர்ஸ் மகளைத் தராசில் நிறுத்தி எண்ணைச் சொன்னாள். காலையில் வீட்டில் பார்த்த அதே எண். நடுமுள் நிமிர்ந்து நின்றார். டாக்டர் பழைய எடையைப் பார்த்தார், புதிய எடையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஆனால் உடனே புருவம் சுருங்கியது.

"ரொம்பத்தான் குறைஞ்சிருக்கு. எப்படி, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"ஆமா டாக்டர்," என்றாள் மகள், பெருமையாக. "ஆரம்பத்துலேர்ந்தே. வாராவாரம் நானே பாத்தேன். ஒரு வாரம்கூட நிக்கல."

"அப்படின்னா சரி. படிப்படியா குறைஞ்சா சந்தோஷம். திடீர்னு குறைஞ்சாதான் நான் பயப்படணும்." டாக்டர் சிரித்தார். "நாளைக்கு வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுங்க. மூணு நாள் கழிச்சுப் பாக்கலாம். கெட்டிக்காரி!"

அவ்வளவுதான். அறைக்கு வெளியே வந்துவிட்டார்கள். நடைவழியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. மகள் நேராக அதனிடம் போனாள். ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று. மூச்சு விடாமல் இன்னொன்று. நான்காவதை அவசரமாகப் பிடிக்கும்போது தண்ணீர் மேலெல்லாம் சிந்தியது. நடுமுள் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று குறைந்தால்தான் பயம். டாக்டரின் வார்த்தை அவருக்குள் முதல் தடவையாக முழுசாக இறங்கியது. படிப்படியாக எங்கே குறைந்தது? படிப்படியாகக் குறைத்தது இவர். உடம்பு குறைந்தது இந்த மூன்று வாரத்தில். அது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

பேசாமல் வீட்டுக்குப் போகலாம். நாளைக்குத்தான் ரத்தம் எடுக்கப்போகிறார்களே, அதில் தெரிந்துவிட்டுப் போகட்டும். மகளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அந்த எண்ணமும் வந்தது, வராமல் இல்லை. வாசல்வரை நடக்கவும் செய்தார். மகள் பின்னால் வராததால் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா?"

அவர் அவளை மனைவியிடம் விட்டுவிட்டு டாக்டர் அறைக்குள் ஓடினார். உள்ளே வேறு குழந்தை இருந்தது. நர்ஸ் தடுத்தாள். "டாக்டர், எம்பொண்ணு சொன்னது தப்பு," என்று வாசலிலேயே நின்று சொன்னார். "முதல்ல குறையவே இல்ல. நான்தான் தராசைத் திருத்தி வெச்சேன். குறைஞ்ச மாதிரி காட்டறதுக்கு. நிஜமா குறைஞ்சதெல்லாம் இந்த மூணு வாரத்துலதான். ரொம்பத் தண்ணி குடிக்கிறா. நான் ஒண்ணும் சொல்லல. தப்பு எம்மேலதான்."

டாக்டர் எழுந்துவிட்டார். அவர் பார்வை நடுமுள்ளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. மகள் அம்மாவின் தோளைப் பிடித்தபடி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

யாரும் எதுவும் சொல்ல நேரமில்லை. விரலில் ஒரு குத்து. ஒரு துளி ரத்தம் கைக்குள் அடங்கும் சின்னக் கருவிக்குள் போனது. கருவி எண் எதையும் காட்டவில்லை, ஏதோ இரண்டு எழுத்து காட்டியது. அது என்னவென்று நடுமுள்ளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் தராசும் இப்படித்தான், எண் சொல்வதை நிறுத்திவிடும்.

"வீட்டுக்கு அனுப்ப முடியாது. இப்பவே சேக்கணும்," என்றார் டாக்டர். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "சர்க்கரை வாசலைத் தாண்டிடுச்சும்மா. உடம்பு சாப்பாட்டை எடுத்துக்க முடியாம, தன்னையே எரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதனாலதான் இந்த எடை குறைஞ்சது. நாளைக்கு வரைக்கும் விட்டிருந்தா ரொம்ப மோசமாயிருக்கும்."

மகள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அப்பாவிடம் பேசவில்லை. கோபமாகத் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையில் ஊசி ஏறும்போது அம்மாவைப் பார்ப்பாள், இல்லையென்றால் ஜன்னலைப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவை, அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது கேட்டாள்.

"எல்லா வாரமுமாப்பா?"

"ஆமா."

"நான் கத்தினேனே, குறைஞ்சிருக்குன்னு. அப்ப நீ சிரிச்சியா?"

"இல்லம்மா. ஒரு தடவைகூட இல்ல. உன் முகத்தைப் பாக்கவே பயமா இருந்துச்சு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவரும் மன்னிப்பு என்று வாயெடுக்கவில்லை. கேட்டால் அவள் வேறு வழியில்லாமல் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பிள்ளையிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையும் இன்சுலின் ஊசியும், விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் கொடுத்தார்கள். டாக்டர் எதையும் மறைக்காமல் பேசினார். கவனமாக இருந்தால் ஊசியைக் குறைக்கலாம், ஒருவேளை நிறுத்தவும் முடியலாம். நோய் போய்விட்டது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. கண், சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் இனி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று நடுமுள் கேட்டார். "அப்பவும் நோய் வந்திருக்கலாம். தெரியாதுங்க. ஆனா இந்த நிலைமைக்கு வந்திருக்காது," என்றார். பொய் சொல்லத் தெரியாத டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்று நடையில் மேடைத் தராசு இல்லை. முந்தின நாளே அவர் அதைப் பிரித்து, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டிருந்தார். தராசு இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. மகள் அதைத் தாண்டிப் போகும்போது காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள்.

காலையில் சாப்பாட்டுக்கு முன் முதல் பரிசோதனை. அம்மா அடுப்படியில் இருந்தாள். நடுமுள் கருவியை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். மகள் அதைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

"இதுல கை வெச்சியாப்பா?"

கேட்டது குத்திக்காட்டுவதற்காக அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவரைக் கொன்றது. தெருவில் யாருமே கேட்டிராத கேள்வி.

"இல்லம்மா. வேணும்னா அம்மாவைப் பாக்கச் சொல்றேன்."

அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே விரலைக் குத்திக்கொண்டாள். ஒரு துளியைத் தொட்டு வைத்தாள். எண் வருவதற்குள் கருவியைத் தன் பக்கம் திருப்பி, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"குறைஞ்சிருக்குப்பா," என்றாள். "நல்லாத்தான் இருக்கு. நீ கவலைப்படாதே."

நடுமுள்ளுக்கு அந்தக் குரல் தெரியும். கடையில் உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், "நான்தான் சொன்னேனே" என்று அவர் சொன்ன குரல். மகளுக்கு அவருடைய விறைப்பு வரவில்லை, ஒல்லி உடம்பு வரவில்லை, இது வந்திருக்கிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா," என்றார். "எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல. காட்டும்மா."

அவள் சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. கருவியை மூடிய கை அப்படியே இருந்தது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கடைசியில் அவள் கையை எடுத்துக் கருவியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எண் நன்றாக இல்லை. இருக்க வேண்டியதைவிட மிக அதிகம்.

"பயமா இருக்குப்பா," என்றாள்.

"எனக்கும்தாம்மா," என்றார் அவர். அதற்கு மேல் அவளைத் தேற்றும்படி ஒரு வார்த்தையும் சேர்க்காமல், ஊசியை எடுத்து வரச்சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.